சைக்கிளில் காற்று உங்களை எவ்வளவு பிடித்து இழுக்கிறது? ஒரு அட்டைத் துண்டால் அளக்கும் முறை

சமதரையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் மிதித்தால், கால் போடும் உழைப்பில் முக்கால் பங்குக்கு மேல் காற்றை விலக்கவே போய்விடுகிறது. சரி, என் உடம்புக்கும் நான் உட்காரும் விதத்துக்கும் அது எவ்வளவு? இதைத் தெரிந்துகொள்ளக் காற்றுச் சுரங்கம் (செயற்கையாகக் காற்றை வீசவிட்டுச் சோதிக்கும் கூடம்) வேண்டும் என்பார்கள். என்னிடம் இருந்தது ஒரு போன், ஒரு பழைய விசிட்டிங் கார்டு, கொஞ்சம் இன்சுலேஷன் டேப். மூன்று வாரம் தப்பான விடைகளை வாங்கிய பிறகு சரியாக வந்தது.

அடிப்படை இதுதான். காற்றுத்தடை விசை என்பது அரை × காற்றின் அடர்த்தி × தடைப் பரப்பு × வேகத்தின் வர்க்கம். தடைப் பரப்பு என்று நான் சொல்வது, உங்கள் முன்பக்கப் பரப்பையும் வடிவத்துக்கான தடைக் கெழுவையும் பெருக்கி வரும் எண். சதுர மீட்டரில் வரும். நாம் தேடுவது அதைத்தான். டயர் உருளும் தடை வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறாது. காற்றுத்தடையோ வேகம் இரட்டிப்பானால் நான்கு மடங்காகும். ஆகவே மிதிப்பதை நிறுத்திவிட்டு, அதிக வேகத்தில் ஒருமுறை, குறைந்த வேகத்தில் ஒருமுறை வண்டி எவ்வளவு சீக்கிரம் தளர்கிறது என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

படி 1: அட்டையைக் கட்டுதல்

வேகத்தை அளக்க போனின் ஜிபிஎஸ்ஸை நம்பாதீர்கள். அது எண்களை மழுப்பி, தாமதமாகக் காட்டும். ஹேண்டில்பார் மீட்டரும் பெரும்பாலும் விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். எட்டு விநாடி நடக்கும் சோதனையில் ஒரு விநாடி பிழை என்றால் கதை முடிந்தது.

முன்சக்கரத்தின் ஒரு கம்பியில் மட்டும் டேப்பைச் சுற்றி ஒரு சின்ன முடிச்சு போல ஆக்குங்கள். ஃபோர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில்) விசிட்டிங் கார்டை ஒட்டி, அதன் நுனி அந்த முடிச்சை மட்டும் தொடும்படி வையுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு 'டப்'. போனைத் துணியில் சுற்றி பாட்டில் கூட்டில் செருகி, குரல் பதிவை ஓடவிடுங்கள். அட்டை மெல்லியதாக இருக்கட்டும். சக்கரத்துக்குள் சிக்கக்கூடிய நீளமான, கெட்டியான எதையும் அங்கே கட்டவேண்டாம்.

வீட்டுக்கு வந்து பதிவை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்தால் டப்புகள் முள்முள்ளாக நிற்கும். என் சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர். இரண்டு முள்ளுக்கு இடையே 0.222 விநாடி என்றால் மணிக்கு 34 கி.மீ., 0.291 என்றால் 26, 0.42 என்றால் 18, 0.756 என்றால் 10. சுற்றளவை டேப் வைத்து சக்கரத்தைச் சுற்றி அளக்காமல், வண்டி மேல் உட்கார்ந்து தரையில் ஒரு சுற்று உருட்டி அளந்துகொள்ளுங்கள். ஆள் ஏறினால் டயர் அமுங்கும்.

படி 2: ஓட்டம்

ஆளில்லாத, நேரான, சமமான சாலை. அதிகாலை நல்லது, காற்று அடங்கியிருக்கும். வேகம் பிடித்து, பெடல்களைத் தரைக்கு இணையாக நிறுத்தி, உடம்பை அசைக்காமல் உருளவிடுங்கள். 34-லிருந்து 26-க்கு இறங்க எத்தனை விநாடி, 18-லிருந்து 10-க்கு இறங்க எத்தனை விநாடி என்பதுதான் வேண்டும். அப்படியே திரும்பி எதிர்த்திசையிலும் செய்யுங்கள். இரு பக்கமும் ஐந்தைந்து முறையாவது.

படி 3: கணக்கு

எனக்குக் கிடைத்தது: மேல் வேகத்தில் 8.4 விநாடி, கீழ் வேகத்தில் 21.5 விநாடி. இரண்டிலும் குறைந்தது 8 கி.மீ., அதாவது 2.22 மீ/வி. எல்லாவற்றையும் மீ/வி-க்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

எதிர்முடுக்கம் (விநாடிக்கு எவ்வளவு வேகம் குறைகிறது என்பது): 2.22 ÷ 8.4 = 0.264, 2.22 ÷ 21.5 = 0.103. வித்தியாசம் 0.161.

சராசரி வேகங்கள் 30, 14 கி.மீ. மீ/வி-யில் 8.33, 3.89. வர்க்கங்களின் வித்தியாசம் 69.4 − 15.1 = 54.3.

0.161 ÷ 54.3 = 0.00297. இதை மொத்த எடையால் (நான், வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 80 கிலோ) பெருக்கி, இரண்டால் பெருக்கி, காற்றின் அடர்த்தி 1.2-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.40 சதுர மீட்டர். இதுதான் என் தடைப் பரப்பு. கீழ் வேக எதிர்முடுக்கத்திலிருந்து காற்றின் பங்கைக் கழித்து (0.103 − 0.045) 9.8-ஆல் வகுத்தால் உருளல் தடைக் கெழு: சுமார் 0.006.

கடல்மட்டத்தில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் 1.225, 30 டிகிரியில் சுமார் 1.16. மலைமேல் இன்னும் குறையும். 1972-இல் பெல்ஜிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரச் சாதனைக்கு (ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்பதற்கு) மெக்சிகோ சிட்டிக்குப் போனதன் ரகசியமும் இதுதான். அந்த உயரத்தில் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிது. 49.431 கி.மீ. ஓட்டினார்.

படி 4: நான் குப்புற விழுந்த இடம்

முதல் வாரம் 0.40 வந்தது. அடுத்த வாரம் உடம்போடு ஒட்டிய புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன், 0.36! சட்டைக்குக் கொடுத்த காசு வசூலாகிவிட்டது என்று நண்பர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். மூன்றாம் வாரம் சந்தேகம் வந்து, பழைய தொளதொளச் சட்டையிலேயே மறுபடி ஓட்டினேன். அதற்கும் 0.36.

மாறியது காற்று. இலைகள் லேசாகச் சலசலத்தன, அவ்வளவுதான். விநாடிக்கு 2 மீட்டர் இருக்கும். இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தேனே, பிறகு எப்படி ஏமாந்தேன்? நான் எடுத்தது *விநாடிகளின்* சராசரி. எடுக்கவேண்டியது *எதிர்முடுக்கங்களின்* சராசரி.

மேல் வேகத்தில் எதிர்க்காற்றுக்கு 5.9 விநாடி, பின்காற்றுக்கு 12.4 விநாடி. விநாடிகளைச் சராசரி செய்தால் 9.15, அதிலிருந்து எதிர்முடுக்கம் 0.243. ஒவ்வொன்றையும் தனியாக எதிர்முடுக்கமாக்கிச் சராசரி செய்தால் 0.278. பின்காற்றில் வண்டி ரொம்ப நேரம் உருளும். அந்த நீண்ட நேரம் சராசரியைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. நாம் ஏதோ வழுக்கிக்கொண்டு போவதாகக் காட்டும்.

எதிர்முடுக்கத்தைச் சராசரி செய்தால் நடப்பது அழகு. காற்றின் வேகத்தைக் கூட்டி வர்க்கம், கழித்து வர்க்கம். இரண்டின் சராசரி, நம் வேகத்தின் வர்க்கத்தோடு காற்றின் வேகத்தின் வர்க்கம் சேர்ந்தது. அந்த உபரி மேல் வேகத்துக்கும் கீழ் வேகத்துக்கும் ஒன்றே என்பதால், கழிக்கும்போது ஓடிவிடும். சாலையின் சீரான சரிவும் அப்படியே அடிபட்டுப்போகும். திருத்திப் போட்டதும் இரண்டு சட்டைக்கும் 0.40 வந்தது. சட்டையால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும், இந்த முறையில் தெரியும் அளவுக்கு இல்லை.

படி 5: உட்காரும் விதத்தை மாற்றிப் பாருங்கள்

என்னைக் கேட்டால் பொருள் வாங்குவதற்கு முன் செய்யவேண்டியது இது. வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியைப் பிடித்து முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்தினேன்: 0.32. மணிக்கு 30 கி.மீ.யில் காற்றுக்கு மட்டும் 139 வாட் போனது 111 ஆனது. 36 கி.மீ.க்கு ஏறினால் தேவைப்படும் திறன் வேகத்தின் கனத்தில் (மூன்றாம் அடுக்கில்) ஏறும். நிமிர்ந்து உட்கார்ந்தால் 240 வாட்.

1993-இல் ஸ்காட்லாந்து வீரர் கிரேம் ஒப்ரீ கைகளை மார்புக்கடியில் மடக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் 51.596 கி.மீ. ஓட்டினார். மறு ஆண்டே அந்த நிலைக்குத் தடை. உடனே அவர் கைகளை முன்னால் நீட்டும் இன்னொரு நிலையைக் கண்டுபிடித்தார். 1996-இல் இங்கிலாந்து வீரர் கிறிஸ் போர்ட்மன் அதில் 56.375 கி.மீ. போனார். அதற்கும் பிறகு தடை வந்தது. நாம் பந்தயத்தில் இல்லை, தடை ஏதுமில்லை. சாலை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தலையைத் தாழ்த்தினால் போதும்.

பின்சேர்க்கை 1: ஒரு வாசகருக்கு உருளல் தடை எதிர்மறையாக வந்ததாம். அவர் சாலையின் நடுவே ஒரு மேடு. 34-லிருந்து 10 வரை ஒரே மூச்சில் உருண்டால், இரண்டு அளவுகளும் சாலையின் வேறுவேறு இடத்தில் விழுகின்றன. இப்போது நானும் ஒரே மூச்சில் செய்வதில்லை. 120 மீட்டருக்கு இரண்டு முனையிலும் சுண்ணாம்புக்கோடு போட்டு, மேல் வேக ஓட்டம் தனியாக, கீழ் வேக ஓட்டம் தனியாக, இரண்டையும் அதே கோடுகளுக்குள் செய்கிறேன்.

பின்சேர்க்கை 2: ஃப்ரீவீல் (மிதிக்காதபோது பின்சக்கரத்தில் கடகடக்கும் பாகம்) சத்தம் டப்பை விழுங்குகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். கார்டுக்குப் பதில் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில் துண்டு வைத்தால் சத்தம் கூர்மையாக வரும். போனையும் முன்பக்கம் ஃபோர்க் அருகே நகர்த்துங்கள்.

பின்சேர்க்கை 3: நீச்சலுக்கு இதே முறை ஆகுமா என்று கேட்டார்கள். சுவரை உதைத்துச் சறுக்கி, தளர்வதை அளக்கலாம். ஆனால் தண்ணீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தி. உடம்போடு சேர்ந்து சுற்றியுள்ள தண்ணீரும் கொஞ்சம் நகர்கிறது. கணக்கில் உங்கள் எடையை மட்டும் போட்டால் விடை குறைத்துக் காட்டும். அதனால் எண்ணை நம்பாமல், கை நீட்டிச் சறுக்குவதையும் கையைப் பக்கத்தில் வைத்துச் சறுக்குவதையும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்.