கந்தோர்க் குழுவை அவா ஒடோரிக்குப் பழக்குவது எப்படி

ஜப்பானின் தொக்குஷிமா நகரில் ஆகஸ்ட் 12 முதல் 15 வரை நடக்கும் அவா ஒடோரி என்ற தெரு நடன விழாவில், ஆடும் குழுவை ‘ரென்’ என்பார்கள். நிறுவன ஊழியர்கள் சேர்ந்து ஆடினால் அது ‘கிக்யோ ரென்’. கொழும்பிலிருந்து அங்கே போகிறவர்களும், இங்கே கந்தோர் விழாவில் ஆடப்போகிறவர்களும் ஆறு கிழமை ஒதுக்குங்கள். கிழமைக்கு இரண்டு மாலை, முக்கால் மணித்தியாலம் போதும். ஜூன், ஜூலையில் தென்மேல் பருவ மழை இருக்கும். காலிமுகத்திடலை நம்பாமல் கூரையுள்ள வாகனத் தரிப்பிடம் ஒன்றைக் கேட்டு வையுங்கள்.

தாளம் இரண்டே தட்டு. முதல் தட்டில் வலது கால் விரல்நுனி முன்னே தொடும், அடுத்ததில் அதே பாதம் பதியும். பிறகு இடது கால். எந்தக் கால் போகிறதோ அந்தப் பக்கக் கைதான் முன்னே போக வேண்டும். முதலில் எல்லாரும் பிழைவிடுவது இங்கேதான், ஏனென்றால் நடக்கும்போது எதிர்க் கையை வீசியே பழகியிருக்கிறோம். இசையை நிறுத்திவிட்டு, “ஒன்று, இரண்டு” என்று வாயால் எண்ணி மெதுவாக நடக்க வையுங்கள். இது சரிவராமல் வேகத்தைக் கூட்டவே வேண்டாம்.

கைகள் தோளுக்கு மேலேயே நிற்க வேண்டும். சில நிமிடத்தில் தோள் கடுத்து, கை நெஞ்சளவுக்கு இறங்கும்; அப்போது வரிசை முழுவதும் சோர்ந்து தெரியும். கை இறங்க முன்னரே ஓய்வு கொடுங்கள். ஆண்கள் முழங்காலை வெளிப்புறம் மடித்து இடுப்பைத் தாழ்த்துவார்கள். பரதநாட்டிய அரைமண்டி பழகியவர்களுக்கு அது சுலபம், ஆனால் அவர்கள் பாதத்தைத் தட்டிவிடுவார்கள். இங்கே தட்டக்கூடாது, தொட வேண்டும். பெண்கள் நிமிர்ந்து, ‘கேத்தா’ மரச்செருப்பின் முன்பக்கத்தில் பாரம் வைத்து ஆடுவார்கள்.

வேகத்தை நடத்துவது ‘கானே’ என்ற சிறு வெண்கலத் தட்டு. பழகுவதற்குக் கோயில் கைத்தாளம் போதும். மேளம் அதற்குப் பின்னால்தான் போக வேண்டும். அதனால் தாளம் பிசகாத ஒருவரையே கானேக்கு விடுங்கள், அவர் மனேஜரா பியூனா என்று பார்க்க வேண்டாம்.

ஆடும்போது அணியும் ‘யுகாத்தா’ என்ற மெல்லிய பருத்தி அங்கியை உடுத்தும்போது இடது மடிப்பு மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. புறப்பட முன் ஒவ்வொருவரையும் நிறுத்திப் பாருங்கள். கேத்தா வார் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் உரசும். கொப்புளம் வந்தபின் பிளாஸ்டர் ஒட்டிப் பயனில்லை, முதலே ஒட்டிவிடுங்கள்.