திருகோணமலையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் விடும் பிழைகள்

திருகோணமலையில் பழைய காருக்கு முதல் எதிரி உப்பு. இரண்டாவது, ஓடாமல் நிற்பது. எஞ்சின் தேய்ந்ததால் கைவிடப்பட்ட மொரிஸ் மைனரை இந்த ஊரில் நான் அதிகம் கண்டதில்லை. அடித்தகடு உக்கி, விரலால் அமுக்கினால் பொருக்குப் பொருக்காக உதிரும் நிலையில் வளவு மூலையில் விடப்பட்டவைதான் அதிகம். அவற்றில் பலவற்றை அன்றைக்கே கவனித்திருந்தால் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், பீற்றில் என்று மிஞ்சியிருக்கும் எல்லாக் கார்களுக்கும் இங்கே சொல்வதில் பாதிக்கு மேல் பொருந்தும். ஆனாலும் கையில் எடுத்துக் காட்ட ஒரு கார் வேண்டும் என்பதால் மொரிஸ் மைனர் 1000 ஐ வைத்தே எழுதுகிறேன். 1956 இல் 948 சிசி எஞ்சினோடு வந்து, 1962 இல் 1098 சிசிக்கு மாறிய கார்.

மூடி வைப்பதும் சும்மா ஸ்ரார்ட் பண்ணுவதும்

கடல் காற்றுப் படக்கூடாது என்று தார்ப்பாயால் இறுக்க மூடிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். ஐப்பசி பிறந்து வாடை தொடங்கிவிட்டால் காற்றெல்லாம் ஈரம். அந்த ஈரம் தார்ப்பாய்க்குள் போகும், வெளியே வராது. பகலில் தகடு சுட்டு, இரவில் குளிர்ந்து, உள்ளே வியர்த்துக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே உப்புப் படிந்த தகட்டில் அந்த வியர்வை நிற்பதைவிடக் கார் வெறுமனே வெளியில் நிற்பது நல்லது. கூரையும் காற்றோட்டமும் உள்ள கொட்டகைதான் சரியான இடம். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் பருத்தித் துணியால் மூடுங்கள். அதுவும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கார் முழுதாக உலர்ந்த பிறகு.

கிழமைக்கு ஒருமுறை ஸ்ரார்ட் பண்ணி ஐந்து நிமிடம் விட்டு நிறுத்துவது அடுத்த பிழை. பெற்றோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகப் போய்விடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் சைலன்ஸருக்குள்ளும் ஒயிலுக்குள்ளும் தங்கும். ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உட்புறத்தில் வெண்ணிறக் களிம்பு ஒட்டியிருந்தால், கார் போதுமான அளவு சூடாகாமலே நின்று நின்று ஓடுகிறது என்று அர்த்தம். அதோடு ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் ஹெட் கஸ்கெற்றை (எஞ்சினுக்கும் அதன் மேல் ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்பு) சந்தேகியுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் ஓட்டிப்போய் வாருங்கள். கடலை விட்டு உள்ளே போகும் பாதை, எஞ்சின் சூடேறப் போதுமான தூரம். பிரேக்கும் கிளட்சும் பற்றரியைச் சார்ஜ் பண்ணும் டைனமோவும் கூட வேலை செய்து பழகும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் மாதக்கணக்கில் நின்ற கார்களைத் திரும்ப எடுத்தபோது பலருக்கும் வந்த தொல்லை இதுதான்: பிரேக் சிலிண்டர்கள் இறுகிப்போயின, காபரேற்றருக்குள் பழைய பெற்றோல் பிசினாகிப்போனது.

நிலாவெளிக் கடற்கரை மணலில் இறக்கிப் படம் எடுப்பவர்களுக்கு ஒன்று. எடுத்தால் அன்றைக்கே, வீட்டுக்கு வந்ததும், அடிப்பகுதி முழுவதையும் குழாய்த் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். அடுத்த நாள் என்று விட வேண்டாம்.

கறளுக்கு மேல் பட்டி

மொரிஸ் மைனருக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் அடிப்படித் தகடு, பின் வில்லைப் பிடிக்கும் இடம், முன்பக்கத்து இரு நீளப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்துதான் காரின் பாரத்தைத் தாங்குகின்றன. அங்கே கறள் பிடித்தால் அது அழகுப் பிரச்சினை ஆகாது. கார் நடுவில் வளையத் தொடங்கும். கதவு பூட்டும்போது முன்பு இல்லாத இறுக்கம் வந்தால் கதவுக் கீலைச் சீவ வேண்டாம். முதலில் அடியில் படுத்துப் பாருங்கள்.

தகடு திருத்தும் ரிங்கரிங் வேலைக்குக் கொடுக்கும்போது அவசரப்படுத்தினால் கிடைப்பது பட்டிதான், ஓட்டையை மறைக்கும் பசை. ஓட்டைக்கு மேல் வலை வைத்து, பட்டி பூசி, உரஞ்சி, பெயின்ற் அடித்தால் அன்றைக்கு மினுங்கும். உள்ளே கறள் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். சில்லு வளைவுகளிலும் கதவின் அடியிலும் வைத்துப் பாருங்கள். தகட்டில் பிடிக்கும், தடித்த பட்டியில் வழுகி விழும். பிறகு ஸ்குரூ டிரைவரின் பிடியால் அடிப்படியைத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். உக்கியது அடைத்த சத்தம் தரும். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கறளைச் சுரண்டாமல் தார்ப்பூச்சு அடிப்பதும் இதே வகைதான். பூச்சு காய்ந்து வெடிக்கும், வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் போகும், பூச்சு அதை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். பழைய எஞ்சின் ஒயிலை அடியில் விசிறும் வழக்கமும் இங்கே உண்டு. ரப்பர் புஷ்கள் ஊதிக் கெட்டுப்போகும், பிரேக் பக்கம் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. வெறும் தகடு தெரியும்வரை சுத்தம் செய்து, கறள் தடுப்புப் பெயின்ற் அடித்து, பெட்டிகளின் உட்புறத்துக்கு மெழுகு விசிறுவதுதான் நிலைக்கும். கதவின் அடியிலும் அடிப்படியிலும் தண்ணீர் வடிய விட்ட துளைகளைப் பட்டியோ பெயின்றோ அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பி போதும் அவற்றைத் திறந்து வைக்க.

அடிப்படியை வெட்டி மாற்றும்போது காரைச் சமதரையில் முட்டுக்கொடுத்து, கதவுகளைப் பூட்டியபடியே வைத்து, இடைவெளி மாறவில்லை என்று பார்த்துப் பார்த்து ஒட்ட வேண்டும். கதவைக் கழற்றி வைத்துவிட்டு ஒட்டினால் பிறகு அந்தக் கதவு ஒருபோதும் சரியாகப் பூட்டாது. தகடு வேலைக்கு இந்த நாட்டில் கை இல்லாமல் இல்லை. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் சென்டருக்கே இலங்கையில் அடித்த தகடுகள் போயின. கேட்டு, நேரம் கொடுத்து, நடுவில் நடுவில் போய்ப் பார்ப்பது உரிமையாளரின் பொறுப்பு. பெயின்ற் வேலையை மாரியில் வைத்துக்கொள்ள வேண்டாம். ஈரக் காற்றில் அடித்தால் வெண்மை பூக்கும். கச்சான் வீசும் மாதங்களில் புழுதி ஒட்டும். மாசி, பங்குனி நல்ல காலம்.

சூட்டுக்குச் செய்யும் வைத்தியம்

ஓர்ஸ் ஹில் ஏறும்போது எஞ்சின் கொதிக்கிறது என்றால் உடனே சொல்லப்படும் வைத்தியம், "தேர்மோஸ்ராற்றைக் கழற்றி எறியுங்கோ." எறிய வேண்டாம். எஞ்சின் சூடேறும்வரை ரேடியேற்றருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு அது. அது இல்லாவிட்டால் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வர நெடுநேரம் எடுக்கும். அதுவரை எரியாத பெற்றோல் ஒயிலில் கலந்து சிலிண்டரைத் தேய்க்கும். வெப்ப நாடுகளுக்கென்று 74 பாகை செல்சியஸில் திறக்கும் தேர்மோஸ்ராற் உண்டு, அதைப் பூட்டுங்கள். சூடேறுவதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் ரேடியேற்றர் அடைப்பு.

அந்த அடைப்புக்குக் காரணம் நம் கிணறு. கடலோரக் கிணற்றுத் தண்ணீரின் உவர்ப்பும் கல்லும் குழாய்களுக்குள் படிகின்றன. பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரோ, மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள், கூலன்ற் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே பனி விழாதே என்பார்கள். உறைவதைத் தடுக்க மட்டும் அது இல்லை, உள்ளே கறள் பிடிக்காமலும் காக்கிறது.

இன்னொன்று, மூடி. மைனர் 1000 இன் ரேடியேற்றர் மூடி சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கத்துக்கு உரியது. கடையில் கிடைத்த ஜப்பான் கார் மூடியை மாட்டினால் அதில் 0.9 என்று அடித்திருக்கும். அது ஏறக்குறைய 13 இறாத்தல். அறுபது வருடத்து ரேடியேற்றரின் ஈயப் பற்று அதைத் தாங்காது.

கிறீஸ் துப்பாக்கியை மறப்பது

எல்லாவற்றிலும் ஆபத்தான பிழை இது. மைனரின் முன் சில்லுகளைப் பிடித்திருக்கும் செங்குத்துத் தண்டின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் மரை வெட்டியிருக்கும். அந்த மரையில்தான் ரனியன் எனப்படும் துண்டுகள் சுழல்கின்றன. நீங்கள் ஸ்ரியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அந்த மரை உரசுகிறது. இன்றைய கார்களுக்குப் பழகிய கராஜில் கிறீஸ் அடிக்கும் வழக்கமே போய்விட்டதால் அவர்கள் கிறீஸ் ஏற்றும் முனையான நிப்பிளைத் தேடுவதில்லை. உலர்ந்த மரைக்குள் உப்பும் மணலும் போனால் தேய்ந்து, ஒருநாள் கீழ் ரனியன் கழன்று, முன் சில்லு உள்ளே மடியும்.

ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கும் அந்தக் காலத்துக் கணக்கை இங்கே விடாதீர்கள். முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, தாங்கி வைத்து, சில்லில் பாரம் இல்லாதபோது அடியுங்கள். அப்போதுதான் கிறீஸ் மரை முழுக்கப் பரவும். கறுத்த பழைய கிறீஸ் ஓரத்தால் பிதுங்கி, பின்னால் புதியது தெரியும்வரை அடிக்க வேண்டும். ஒன்றும் வெளிவரவில்லை என்றால் நிப்பிள் அடைத்திருக்கிறது; கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பிறகு சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அந்தக் காரை வீதியில் இறக்க வேண்டாம்.

பற்றரியின் எந்த முனை உடம்பில்?

மைனரில் தொழிற்சாலையிலிருந்தே பற்றரியின் நேர் முனைதான் காரின் தகட்டு உடம்போடு இணைந்திருக்கும். புதுப் பற்றரி பூட்டுபவர் கைப்பழக்கத்தில் எதிர் முனையை உடம்பில் மாட்டிவிடுவார். விளக்கு எரியும், எஞ்சினும் ஸ்ரார்ட் ஆகும், அதனால் யாருக்கும் தெரியாது. டைனமோ சார்ஜ் பண்ணாது, யாரோ பூட்டிய ரேடியோ கருகும். பக்கத்து வீட்டு வான் வண்டியின் பற்றரியிலிருந்து வயர் போட்டு ஸ்ரார்ட் பண்ணும்போது இரண்டு வண்டியின் உடம்பும் தொட்டால் பெரிய பொறி பறக்கும். பற்றரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்றால் பெரிதாக எழுதி வையுங்கள். எதிர் முனை உடம்புக்கு மாற்றும் முறையும் உண்டு; செய்தால் டைனமோவை மறுபடி காந்தமூட்டி, கொயில் வயர்களையும் மாற்றி, முழுதாகச் செய்யுங்கள்.

சில சிறு விடயங்கள்

பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் மைனரில் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே மறைந்திருப்பதால் அதைத் திறந்து பார்க்கவே பலர் மறந்துவிடுகிறார்கள். எஞ்சினுக்கு 20டபிள்யூ50 மினரல் ஒயில் போதும். விலை கூடிய மெல்லிய ஒயில் இதற்கு உரியதல்ல. பெற்றோலிலும் அப்படித்தான், 92 ஒக்ரேன் தாராளம். 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் இங்கே நின்றுவிட்டதால் ஈயமில்லாப் பெற்றோலுக்கு ஏற்றபடி மாற்றப்படாத ஹெட்டில் வால்வு இருக்கைகள் மெல்ல உள்ளே இறங்கும். வால்வுப் பக்கத்து ரப்பெற் சத்தம் கொஞ்சம் கேட்டால் பயம் இல்லை. சத்தமே இல்லாமல் போனால்தான் வால்வு இடைவெளியை அளக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு. யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்த கார் என்றால், போர்க்காலப் பெற்றோல் தடையில் மண்ணெண்ணெயில் ஓடியதா என்று கேட்டுவிட்டு எஞ்சினைத் திறந்து பாருங்கள்.

மில்லிமீற்றர் ஸ்பனரால் அங்குல நட்டைத் திருகாதீர்கள். 13 போட்டால் அரை அங்குல நட்டுக்குப் பொருந்துவதுபோல இருக்கும், இறுகிய நட்டில் முனை வழுகி உருண்டுவிடும். அங்குல ஸ்பனர் செற் ஒன்று வாங்குவதுதான் பழைய கார்க்காரரின் முதல் செலவாக இருக்க வேண்டும். கழற்றிய பழைய சாமானையும் எறியாதீர்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடி வாங்கிய, எஞ்சின் பொறிக்கு வேண்டிய புதுக் கொண்டென்ஸர் ஒரு மாதத்தில் போனால், பழையதுதான் கை கொடுக்கும்.

ஜப்பான் எஞ்சின் மாற்ற ஆசைப்படுபவர்கள் முதலில் பிரேக்கைப் பாருங்கள். கூடிய வேகத்தை அந்த நான்கு சிறிய டிரம்கள் நிறுத்துமா? பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தையும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் விற்கும் நாளில் கார் விலைபோகாது. என் எண்ணம், பழைய எஞ்சினைச் சரியாகத் திருத்தி வைத்திருப்பதே மேல்.

கொழும்புப் பயணம்

ரயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். முதல் இரண்டு இலக்கமும் ரயர் செய்த கிழமை, அடுத்த இரண்டும் வருடம். பூ தேயாவிட்டாலும் பத்து வருடத்து ரயரோடு இவ்வளவு தூரம் போக வேண்டாம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் பொழுதுபட்டால் யானை வீதிக்கு வரும், மைனரின் விளக்கு வெளிச்சமோ மங்கல், ஆகவே பகலிலேயே கடக்கும்படி புறப்படுங்கள். ஓடும்போது சார்ஜ் பண்ணும் சிவப்பு விளக்கு எரிந்தால் ஃபான் பெல்ட் அறுந்திருக்கலாம். அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுகிறது. "கந்தளாயில் போய்ப் பார்ப்போம்" என்று ஓட்டினால் ஹெட் கஸ்கெற் போய்விடும். விளக்கு எரிந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஒரு மாற்றுப் பெல்ட்டும் அரை அங்குல ஸ்பனரும் டிக்கியில் இருந்தால், எஞ்சின் ஆறியதும் டைனமோவைத் தளர்த்தி, மாட்டி, திரும்ப இறுக்கிவிட்டுப் போகலாம்.