வீட்டுக் கேபிளைப் பிரிக்க எந்த ஸ்ப்ளிட்டர் வாங்குவது?

வீட்டுக்கு வரும் ஒரே கோஆக்சியல் கேபிளை (டிவிக்கும் இணையத்துக்கும் வரும் உருண்டைக் கேபிள்) மோடத்துக்கும் டிவிகளுக்கும் பிரித்துக் கொடுப்பது ஸ்ப்ளிட்டர். இவை எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் உலோகப் பெட்டி. ஒரு பக்கம் ஒரு முனை, மறுபக்கம் இரண்டோ நான்கோ எட்டோ முனைகள். "பின்னால் உதவும், இருக்கட்டும்" என்று எட்டு முனை உள்ளதை வாங்கி மாட்டிவிட்டு, இணையம் ஏன் அடிக்கடி அறுந்துபோகிறது என்று திகைப்பவர்கள் பலர். ஸ்ப்ளிட்டர் விஷயத்தில் கூடுதலாக வாங்குவது சேமிப்பு அல்ல, இழப்பு. எப்படி என்று பார்ப்போம்.

படி 1: முதலில் ஒரு தாள் எடுங்கள்

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடம், மோடம் இருக்கும் இடம், டிவி அல்லது செட்டாப் பாக்ஸ் இருக்கும் இடங்கள் மூன்றையும் வரைந்துகொள்ளுங்கள். கேபிள் உண்மையிலேயே போய்ச் சேர வேண்டிய கருவிகளை மட்டும் எண்ணுங்கள். வைஃபை வழியாகப் படம் பார்க்கும் டிவிக்கு இந்தக் கேபிள் தேவையில்லை. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மோடம் ஒன்று மட்டுமே மிஞ்சினால் ஸ்ப்ளிட்டரே வேண்டாம், கேபிளை நேராகக் கொடுத்துவிடலாம். அதைவிட நல்ல இணைப்பு கிடையாது.

படி 2: இழப்பைக் கணக்கிடுங்கள்

சாதாரண ஸ்ப்ளிட்டர் சிக்னலைப் பெருக்குவதில்லை, பங்கு மட்டுமே போடுகிறது. இந்த இழப்பை டெசிபெல் என்ற அலகில் சொல்வார்கள்; சக்தி பாதியானால் 3 டெசிபெல் குறைந்தது என்று பொருள். பெட்டிக்குள்ளேயே கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால், இரண்டு முனை ஸ்ப்ளிட்டரின் ஒவ்வொரு முனையிலும் சுமார் 3.5 டெசிபெல் குறையும். நான்கு முனை என்றால் சுமார் 7. அதாவது வந்த சக்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒவ்வொரு முனைக்கும் கிடைக்கிறது. எட்டு முனை என்றால் 11 டெசிபெல் அளவுக்குப் போய்விடும். பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. எட்டு முனைகளில் இரண்டை மட்டும் பயன்படுத்தினாலும் இதே இழப்புதான். காலியாக இருக்கும் முனையின் பங்கு மற்ற முனைகளுக்குத் திரும்பி வராது.

மோடத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. டிவி கேட்பதோடு சரி. மோடம் பதிலும் பேச வேண்டும். அது அனுப்பும் சிக்னலும் இதே ஸ்ப்ளிட்டர் வழியாகத்தான் வெளியே போகிறது, அதே அளவு தேய்கிறது. அந்தத் தேய்மானத்தை ஈடுகட்ட மோடம் தன் குரலை உயர்த்திக்கொண்டே போகும். அதற்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அங்கே முட்டிவிட்டால் இணைப்பு தடுமாறும், சில நேரம் அறுந்தே போகும். பதிவிறக்க வேகம் நன்றாக இருக்கிறதே என்று ஏமாந்துவிட வேண்டாம்; திரும்பும் பாதைதான் பல வீடுகளில் முதலில் தள்ளாடுகிறது.

படி 3: மோடத்துக்கு முதல் மரியாதை

ஒரு மோடம், மூன்று டிவி என்று வைத்துக்கொள்வோம். நான்கு முனை ஸ்ப்ளிட்டர் ஒன்றை மாட்டினால் மோடம் உட்பட எல்லாவற்றுக்கும் 7 டெசிபெல் இழப்பு. அதற்குப் பதிலாக, கேபிள் நுழையும் இடத்தில் இரண்டு முனை ஸ்ப்ளிட்டர் ஒன்றை வையுங்கள். ஒரு முனை நேராக மோடத்துக்கு. மறுமுனையில் மூன்று முனை ஸ்ப்ளிட்டர் ஒன்றை இணைத்து டிவிகளுக்குப் பிரியுங்கள். இப்போது மோடத்துக்கு இழப்பு 3.5 மட்டுமே. டிவிகளுக்குச் சுமார் 9 ஆகும். வரும் சிக்னல் ஓரளவு வலுவாக இருந்தால் அவை தாங்கிக்கொள்ளும்.

மூன்று முனை ஸ்ப்ளிட்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் மூன்று முனைகளுக்கும் சமமாக 5.5 டெசிபெல் குறையும். இன்னொன்றில் ஒரு முனைக்கு 3.5, மற்ற இரண்டுக்கும் 7. மோடம் ஒன்று, டிவி இரண்டு என்றால் இந்த இரண்டாம் வகைதான் அருமையான தேர்வு. 3.5 என்று அச்சிட்ட முனையை மோடத்துக்குக் கொடுங்கள்.

படி 4: அலைவரிசையைப் படியுங்கள்

பெட்டியின் மேல் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் 5 ஆக இருக்க வேண்டும். 40 அல்லது 50 என்று தொடங்கினால் அது ஆன்டெனா டிவிக்கானது. மோடம் பதில் அனுப்பும் தாழ்வான அலைவரிசைகளை அது சரியாகக் கடத்தாது. இரண்டாவது எண் 1002 ஆக இருந்தால் பெரும்பாலான கேபிள் இணைப்புகளுக்குப் போதும். டாக்சிஸ் 3.1 (கேபிள் இணையத்துக்கான ஒரு தொழில்நுட்பத் தரம்) மோடம் வைத்திருந்தால் 1218 வரை உள்ளதைக் கேளுங்கள். கோஆக்சியல் கேபிள் வழியாகவே அறைகளுக்கிடையே இணையத்தைக் கடத்தும் மோக்கா கருவிகளுக்கு 1675 வரை வேண்டும்.

2000க்கு மேல் எண் போட்டவை செயற்கைக்கோள் டிஷ்ஷுக்கானவை. எண் பெரிதாக இருப்பதால் தரமும் பெரிது என்று நினைக்காதீர்கள். கேபிள் இணையத்துக்கு அவை தேவையே இல்லை.

படி 5: உடம்பைப் பாருங்கள்

பின்தகடு பசையால் ஒட்டப்படாமல், சுற்றிலும் ஈயப்பற்று வைத்து மூடப்பட்டிருக்க வேண்டும். வெளி இரைச்சல் உள்ளே புகாமல் தடுப்பது அதுதான். முனைகளுக்கிடையேயான தனிமைப்படுத்தல் (ஐசோலேஷன், அதாவது ஒரு முனையின் சிக்னல் இன்னொன்றுக்குள் கசியாமல் தடுக்கும் அளவு) 20 டெசிபெலுக்கு மேல் இருந்தால் டிவி பக்கத்துக் குழப்பம் மோடத்தைத் தொடாது. தங்க முலாம்? அழகுக்குத்தான்.

படி 6: மாட்டுவது

உள்ளே வரும் கேபிளை "இன்புட்" முனையில் இணையுங்கள். எல்லா இணைப்புகளையும் கையால் இறுகத் திருகி, பிறகு 11 மில்லிமீட்டர் ஸ்பேனரால் சிறிதளவு மட்டும் திருப்புங்கள். தளர்ந்த கனெக்டர் ஒன்று போதும், நல்ல ஸ்ப்ளிட்டரையும் கெட்ட பெயர் எடுக்க வைத்துவிடும். பயன்படுத்தாத முனை இருந்தால் 75 ஓம் டெர்மினேட்டர் (சிக்னலை உறிஞ்சிக்கொள்ளும் சிறு மூடி) ஒன்றைத் திருகி மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் சிக்னல் அங்கே மோதித் திரும்பி வந்து தொல்லை கொடுக்கும்.

கேபிளின் நீளத்தையும் மறக்காதீர்கள். வீடுகளில் பரவலாகப் பயன்படும் ஆர்ஜி6 வகைக் கோஆக்சியல் கேபிளில் 30 மீட்டருக்கு, உயர் அலைவரிசையில், சுமார் 6 டெசிபெல் போய்விடும். தேவையில்லாமல் சுருட்டி வைத்த கேபிள் கிட்டத்தட்ட இன்னொரு ஸ்ப்ளிட்டர்.

படி 7: சோதித்துப் பாருங்கள்

பல கேபிள் மோடங்களில், உலாவியில் 192.168.100.1 என்று தட்டினால் சிக்னல் அளவுகளைக் காட்டும் பக்கம் திறக்கும். உள்வரும் அளவு மைனஸ் 7க்கும் பிளஸ் 7க்கும் இடையே இருந்தால் நிம்மதி. வெளியே அனுப்பும் அளவு 50ஐ நெருங்கினால் மோடம் திணறுகிறது என்று அர்த்தம்.

அப்போது உடனே ஆம்ப்ளிஃபயர் வாங்க ஓடாதீர்கள். அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். திரும்பும் பாதை இல்லாத வகை என்றால் மோடம் அடியோடு ஊமையாகிவிடும். முதலில் ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டு, உள்ளே வரும் கேபிளை நேராக மோடத்தில் இணைத்து அதே பக்கத்தை மீண்டும் பாருங்கள். அளவுகள் சரியாகிவிட்டால் படி 2க்குத் திரும்பி முனைகளைக் குறையுங்கள். அப்படியும் மோசமாகவே இருந்தால் குறை வெளியிலிருந்து வரும் கம்பியில்தான். அந்த எண்களைக் குறித்துவைத்துக்கொண்டு இணைப்பு கொடுத்தவரை அழையுங்கள்.