கழுத்து பிடித்துக்கொண்டால் அசைக்காமல் இருக்காதீர்கள்

காலையில் எழுந்ததும் கழுத்து திரும்பவில்லை, யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. உடனே தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, கழுத்தை ஆட்டாமல் அசைக்காமல் வைத்துக்கொள்வோம். தேய்ப்பதில் தப்பில்லை, 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் இன்னும் இதமாக இருக்கும். ஆனால் அசைக்காமலே வைத்திருந்தால் தசை இன்னும் இறுகும். மருத்துவர் சொல்லாமல் நாமாகவே கழுத்துப் பட்டை வாங்கி நாள் கணக்கில் போட்டுக்கொள்வதும் அப்படித்தான், பட்டை தாங்கத் தாங்கத் தசை பலம் இழந்துகொண்டே போகும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, கை மரத்துப்போவது, பிடித்த பொருள் நழுவுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, இதுவரை வராத அளவுக்குத் திடீரென்று கடும் தலைவலி. இதில் எது இருந்தாலும் கீழே உள்ள பயிற்சி எதுவும் வேண்டாம், உடனே மருத்துவரிடம் போங்கள்.

அதெல்லாம் இல்லை, வெறும் பிடிப்புதான் என்றால் அன்றைக்கே மெதுவாக அசைக்கத் தொடங்கலாம். வலி எங்கே ஆரம்பிக்கிறதோ அதுவரைக்கும் இடது, வலது, மேல், கீழ், ஒவ்வொன்றும் ஐந்தாறு முறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். தலையை வட்டமாகச் சுழற்றாதீர்கள். வேறு யாரையாவது விட்டு நெட்டி முறிக்கச் சொல்வது கூடவே கூடாது.

அடுத்து, பிசியோதெரபிஸ்ட்கள் பெரும்பாலும் முதலில் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி, மோவாயை உள்ளே இழுப்பது. பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், ஆனால் நிறைய பேர் தப்பாகத்தான் செய்கிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து நேரே பாருங்கள். ஆள்காட்டி விரலை மோவாயில் வைத்துக்கொள்ளுங்கள். விரல் அங்கேயே இருக்கட்டும், மோவாய் மட்டும் நேராகப் பின்னால் போய் விரலுக்கும் அதற்கும் நடுவே ஓர் இடைவெளி விழ வேண்டும். தலை குனியக் கூடாது, அண்ணாந்துவிடவும் கூடாது. தாடைக்குக் கீழே சதை மடிந்து, பிடரியில் ஒரு இழுப்பு தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். 5 விநாடி நிறுத்தி விடுங்கள், 10 முறை.

இதையே மல்லாந்து படுத்துக்கொண்டு, 'ஆமாம்' என்று லேசாகத் தலையாட்டுவது போலச் செய்தால் கழுத்தின் முன்பக்க ஆழத்தில் இருக்கும் சின்னத் தசைகளுக்கு வேலை வரும். நாள்பட்ட கழுத்து வலியில் பெரும்பாலும் சோர்ந்து கிடப்பவை அவைதான். கழுத்தின் இரு பக்கமும் விரலை வைத்துப் பாருங்கள், மேலே இருக்கும் பெரிய தசை கயிறு மாதிரி விறைத்தால் அழுத்தம் கூடிவிட்டது, குறையுங்கள்.

அப்புறம் தோள்பட்டை. கழுத்தை மட்டும் கவனித்துவிட்டு இதை விட்டால் வலி திரும்பவும் வரும் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு முழங்கையையும் பின் பாக்கெட்டில் சொருகுவது போலக் கீழேயும் பின்னாலும் இழுத்து 5 விநாடி நிறுத்துங்கள். காதை நோக்கித் தோள் ஏறக் கூடாது. கழுத்துத் தசையை நீட்டி இழுத்து விடுவதற்கு, வலது கையால் நாற்காலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தலையை இடது பக்கம் சாய்த்து 20, 30 விநாடி இருங்கள், பிறகு மறுபக்கம். லேசாக இழுக்கலாம், சுருக்கென்று குத்தினாலோ வலி கைக்கு இறங்கினாலோ நிறுத்திவிட வேண்டும்.

நம் தலை கிட்டத்தட்ட 5 கிலோ எடை. நேராக இருக்கும்போது எலும்பு தாங்கிக்கொள்கிறது, குனியக் குனிய அந்தப் பாரம் பிடரித் தசை மேல் ஏறுகிறது. அதனால் போனைக் கண்ணுக்கு நேரே தூக்குங்கள், தலையை அதனிடம் கொண்டுபோகாதீர்கள். லேப்டாப்பில்தான் நாள் முழுக்க வேலை என்றால் அடியில் நாலு தடித்த புத்தகங்களை வைத்து உயர்த்தி, கீபோர்டைத் தனியாக வாங்கிவிடுங்கள், இதைவிட உபயோகமான செலவு எனக்குத் தெரியவில்லை. எப்படி நிமிர்ந்து உட்கார்ந்தாலும் ஒரே நிலையில் மணிக்கணக்காக இருந்தால் வலிக்கத்தான் செய்யும், அரை மணிக்கு ஒரு தரம் எழுந்திருங்கள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசும் பழக்கத்தையும் விட வேண்டும்.

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் உள்ள இடத்தை நிரப்பும் அளவுக்குத் தலையணை வேண்டும், மல்லாந்து படுப்பவர்களுக்கு அதைவிடத் தாழ்வாக. குப்புறப் படுத்தால் ராத்திரி முழுக்கக் கழுத்து ஒரு பக்கமே முறுக்கிக் கிடக்கும்.

சாதாரணப் பிடிப்பு பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் நன்றாகக் குறைந்துவிடும். எல்லாரும் பயிற்சியை விடுவதும் அப்போதுதான். வலி போனாலும் தசை பலமாக ஆறேழு வாரமாவது பிடிக்கும், அதுவரை தினமும் செய்துவிட்டு, அப்புறம் வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.