இரவு நகரத்தை ஃபிலிமில் எடுக்க: 80ஏ நீல ஃபில்டரும் எக்ஸ்போஷர் கணக்கும்

பகலொளிக்கான கலர் ஃபிலிம், சுமார் 5500 கெல்வின் நிற வெப்பநிலை (எண் குறைந்தால் ஒளி ஆரஞ்சாகும், கூடினால் நீலமாகும்) கொண்ட ஒளியையே வெள்ளையாகப் பதிவு செய்யும். கடை முகப்புகளிலும் பழைய கட்டடங்களிலும் எரியும் ஹாலஜன் விளக்குகள் 3200 கெல்வினை ஒட்டியிருப்பதால், அங்கே எடுக்கும் படம் ஆரஞ்சில் மூழ்கிவிடும். இதைச் சரிசெய்வதுதான் 80ஏ நீல ஃபில்டர். ஸ்கேன் செய்தபின் கணினியில் திருத்திக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. நீல ஒளி போதாமல் நெகட்டிவில் பதியாமற்போன நிழல் விவரங்களை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது, கிரெயின் எனப்படும் புள்ளித்தன்மைதான் பெருகும். நேரடியாகப் பாசிட்டிவ் படம் தரும் ஸ்லைடு ஃபிலிமில் நிலைமை இன்னும் கடினம்.

முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஃபில்டர் மாட்டுவதற்கு முன்பே காட்சியை அமைத்து ஃபோகஸ் செய்துவிடுங்கள். லென்ஸில் யூவி ஃபில்டர் இருந்தால் கழற்றுங்கள். இரண்டு கண்ணாடிகள் சேர்ந்தால் தெருவிளக்குகளின் பிரதிபலிப்பு படத்தில் புள்ளிகளாக விழும். இதே காரணத்தால், சற்று விலை கூடினாலும் பிரதிபலிப்பைக் குறைக்கும் மல்டிகோட்டிங் பூச்சு உள்ள 80ஏ ஃபில்டரையே வாங்கச் சொல்வேன்.

அடுத்து வருவது எக்ஸ்போஷர் கணக்கு, அதாவது ஃபிலிமில் எவ்வளவு நேரம் ஒளி விழ வேண்டும் என்பது. இதன் வரிசை மாறினால் படம் இருண்டுவிடும். ஃபில்டர் இல்லாமல் ஒளியை அளக்கும் மீட்டர், எஃப்/8 என்ற லென்ஸ் திறப்பில் 2 நொடி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 80ஏ இரண்டு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும்) ஒளியைக் குறைப்பதால் நேரம் நான்கு மடங்காகி 8 நொடி ஆகும். நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் உணர்திறன் குறையும் ரெசிப்ராசிட்டி இழப்பை இந்த 8 நொடிக்குத்தான் கணக்கிட வேண்டும். போர்ட்ரா 400 கலர் நெகட்டிவ் ஃபிலிமுக்கு நான் ஏறத்தாழ 16 நொடி தருகிறேன். மாறாக, முதலில் 2 நொடிக்கு அந்த இழப்பைச் சேர்த்து, பிறகு நான்கால் பெருக்கினால் 10 நொடிதான் வரும். மீட்டர் கேமராவுக்குள்ளேயே இருந்து, ஃபில்டரை மாட்டியபின் அளந்தால், அந்த இரண்டு ஸ்டாப்பை மீண்டும் சேர்க்காதீர்கள். ஐயம் இருந்தால், நெகட்டிவுக்கு ஒரு ஸ்டாப் கூடுதலாகவே கொடுங்கள்.

பின்சேர்க்கை: 80ஏ மாட்டியும் தெரு மஞ்சளாகவே இருக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். உயரழுத்த சோடியம் விளக்கின் நிற வெப்பநிலை சுமார் 2100 கெல்வின். 80ஏ அதை 2900 வரைதான் உயர்த்தும். தாழ்வழுத்த சோடியம் விளக்கோ 589 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சளை மட்டுமே உமிழ்வதால், எந்த ஃபில்டராலும் அதில் இல்லாத நிறங்களைக் கொண்டுவர முடியாது. 4000 கெல்வின் எல்.இ.டி. தெருக்களுக்கு 80ஏ மிகையாகும். மூன்றில் இரண்டு ஸ்டாப் மட்டுமே குறைக்கும் 82சி என்ற மெல்லிய நீல ஃபில்டர் போதும். முழுச் சுருளையும் இரவிலேயே எடுப்பதானால், 3200 கெல்வினுக்கென்றே சமன் செய்யப்பட்ட சினிஸ்டில் 800டி ஃபிலிமை ஃபில்டர் இல்லாமல் பயன்படுத்துவதையே நான் விரும்புவேன். விளக்குகளைச் சுற்றி அதில் தோன்றும் செந்நிற ஒளிவட்டம் உங்களுக்கு ஏற்புடையதா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.