போலீஸ் ஒத்திகை: தத்ரூபம் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்

2016 மே 10, நள்ளிரவு தாண்டிய நேரம். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டிராஃபர்டு சென்டர் என்ற பெரிய வணிக வளாகம். கடைகளெல்லாம் பூட்டியாகிவிட்டது. ஆனாலும் உள்ளே கூட்டம்: தீவிரவாதத் தடுப்பு ஒத்திகைக்காக வந்த 800 தன்னார்வலர்கள். கறுப்பு உடையில் ஒருவர் நடுக்கூடத்துக்கு வருகிறார். "அல்லாஹு அக்பர்" என்று கத்துகிறார். டமால் என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவர்கள் அலறிக்கொண்டு தரையில் விழுகிறார்கள்.

செய்தியாளர்களும் அங்கே இருந்ததால் விடிந்ததும் வீடியோ ஊரெல்லாம் பரவிவிட்டது. நம் ஊரில் விடிகாலைப் பாங்கோடு காதில் விழும் அதே சொற்கள், அங்கே குண்டுச் சத்தத்தோடு சேர்ந்து ஒலித்தன. கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸின் உதவித் தலைமைக் கான்ஸ்டபிள் கேரி ஷூவன் அன்றே மன்னிப்புக் கேட்டார். ஐ.எஸ். பாணித் தற்கொலைத் தாக்குதல் என்பதால் பழைய சம்பவங்களைப் பார்த்துத்தான் காட்சியை எழுதினார்கள், ஆனாலும் வெடிப்புக்கு முன் அந்த மத வாசகத்தைப் பயன்படுத்தியதை ஏற்க முடியாது என்றார். உடனே இன்னொரு தரப்பு கிளம்பியது: "நிஜத்தில் அப்படித்தானே கத்துகிறார்கள், இதற்கெல்லாமா மன்னிப்பு?"

அந்தக் கேள்வியைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. அதற்கு ஆறு மாதம் முன்பு பாரிஸில் 130 பேர், இரண்டு மாதம் முன்பு பிரஸ்ஸல்ஸில் 32 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். எந்த மாதிரித் தாக்குதலுக்குத் தயாராக வேண்டும் என்பதில் மான்செஸ்டர் போலீஸுக்குக் குழப்பம் இருக்கவில்லை. சறுக்கியது வேறு இடத்தில்.

ஒத்திகைக் காட்சியில் எதையாவது சேர்க்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இது இல்லாவிட்டால், பயிற்சிக்கு வந்தவர் செய்யப்போவது மாறுமா? துப்பாக்கியோடு உள்ளே ஓடும் போலீஸ்காரர் பார்க்க வேண்டியது எதிராளியின் கை எங்கே இருக்கிறது, உடம்பில் என்ன கட்டியிருக்கிறான், அவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதை. முழக்கம் எந்த மொழியில் வந்தாலும் அவர் வேலை இம்மியளவும் மாறாது. பிணைக்கைதிகளை மீட்கப் பேச்சு நடத்தும் அதிகாரியின் கதை வேறு. எதிராளி எதை நம்புகிறான், யார் சொன்னால் கேட்பான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சரி, அதை மூடிய அறையில், அவர் கையில் கொடுக்கும் காகிதத்தில் எழுதிவிட்டுப் போகலாமே. கேமரா முன்னால் கத்த வேண்டியதில்லை.

தொப்பியும் சிவப்புக் கயிறும்

இந்தத் தவறு மான்செஸ்டரோடு நிற்கவில்லை. குஜராத்தின் சூரத் மாவட்டத்தில் நடந்த ஒத்திகையில் தீவிரவாதிகளாக நடித்தவர்களுக்கு முஸ்லிம்கள் அணியும் தொப்பியை மாட்டிவிட்டிருந்தார்கள். 2015 தொடக்கத்தில் அந்த வீடியோ வெளியே வந்ததும், தீவிரவாதத்தை ஒரு மதத்தோடு முடிச்சுப் போட்டது தவறு என்று அன்றைய முதல்வர் ஆனந்திபென் படேலே ஒப்புக்கொண்டார். அப்புறமாவது நின்றதா என்றால் இல்லை. ஒரு குறிப்பிட்ட சமூகத்தைத் தீவிரவாதிகளாகக் காட்டும் ஒத்திகைகளை நடத்தக் கூடாது என்று 2023 பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு இடைக்கால உத்தரவு போட வேண்டியிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், புண்படுத்துவது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தொப்பி தத்ரூபமும் இல்லை. 2008இல் மும்பை ரயில் நிலையத்தில் எடுத்த அந்தப் பிரபலமான படத்தை நினைத்துப் பாருங்கள். கசாப் போட்டிருந்தது டி-ஷர்ட், கார்கோ பேன்ட், முதுகில் பை. மணிக்கட்டில் இந்துக்கள் கட்டும் சிவப்புக் கயிறு. 2011இல் நார்வேயின் உத்தோயா தீவில் 69 பேரைக் கொன்றவன் வந்தது போலீஸ் உடையில்! டிராஃபர்டு சென்டர் ஒத்திகை முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, பிரிட்டிஷ் எம்.பி. ஜோ காக்ஸ் கொல்லப்பட்டார். கொன்றவன் தீவிர வலதுசாரி வெள்ளையன். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி முகத்தைத் தேடப் பழகிய கண், மற்ற முகத்தைக் கடந்துபோக விட்டுவிடும். இதை மத உணர்வு சம்பந்தப்பட்ட விவகாரமாக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். மீதிப் பாதி பயிற்சியின் தரம்.

மும்பைக்கே இன்னொரு தடவை போவோம். படகில் வந்தவர்கள் கரையேறியது ஒரு மீனவர் குடியிருப்பை ஒட்டி. "யாருப்பா நீங்க?" என்று முதலில் கேட்டவர்கள் அங்கிருந்த சாதாரண ஆட்கள்தான். அந்தத் தாக்குதலுக்குப் பிறகுதான் நம் கடற்கரையிலும் 'சாகர் கவாச்' ஒத்திகை வந்தது. டம்மி வெடிகுண்டோடு ஒரு போலீஸ் குழு கடல் வழியாக ஊடுருவப் பார்க்கும், இன்னொரு குழு மடக்கும். வேற்றுப் படகு தெரிந்தால் சொல்லுங்கள் என்று மீனவர்களிடம் வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தகவல் வர வேண்டியது எந்தத் தெருவிலிருந்தோ, அந்தத் தெருக்காரரையே ஒத்திகையில் வில்லனாக்கினால் அடுத்த தடவை அவர் எதற்குப் போனை எடுப்பார்?

அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. எவரும் புண்படக் கூடாதென்று தாக்குபவருக்கு நோக்கமே இல்லாமல், ஓசையே இல்லாமல், பெயரே இல்லாத நாட்டில் நடப்பதுபோல் காட்சியை எழுதினால் அது நாடகம்கூட இல்லை. பள்ளிவாசல் ஜமாஅத்தார், கோயில் கமிட்டி, வியாபாரிகள் சங்கம் எல்லோரையும் முந்தின நாள் கூப்பிட்டு டீ கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட்டோம் என்று கணக்குக் காட்டுவதும் பயனில்லை. அவர்களை அழைக்க வேண்டிய நேரம் காட்சி எழுதும்போது. அதிலும் தாக்குபவரைப் பற்றிக் கேட்க அல்ல, பாதிக்கப்படுபவர்களைப் பற்றிக் கேட்க. புர்கா அணிந்த பெண்ணின் காலில் ரத்தம் கொட்டினால் முதலுதவிக்காரர் எப்படி நெருங்குவார்? காது கேளாதவரிடம் "படுங்கள்" என்று எப்படிச் சொல்வார்? தத்ரூபம் என்றால் இதைத்தான் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை.

தன்னார்வலர்கள் விஷயம் தனி. 2019 ஜனவரியில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களைச் சுவரைப் பார்த்து மண்டியிடச் சொல்லி, முதுகில் பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டார்கள், பயிற்சி என்ற பெயரில். காயம் பட்டு ரத்தமே வந்தது. நடிக்க வருகிறவரிடம் என்ன நடக்கும், எவ்வளவு சத்தம் இருக்கும், எந்த வார்த்தை சொன்னால் எல்லாம் நிற்கும் என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் ராணுவ ஒத்திகைகளில் "நோ டஃப்" என்று ஒரு சொல் உண்டு: ஒயர்லெஸ்ஸில் அது வந்தால், இது நடிப்பு இல்லை, நிஜமாகவே ஆளுக்கு அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். எல்லோரும் அலறுகிற இடத்தில் உண்மையான அலறலைப் பிரித்துக் காட்ட இப்படி ஏதாவது இல்லாமல் தொடங்கவே கூடாது.

யாரும் பேசாத போன்

இப்போது மான்செஸ்டர் கதையின் மறுபாதி. எனக்கு இதுதான் அந்த ஒத்திகையின் பெரிய தவறாகப் படுகிறது.

அங்கே அப்போது ஏற்பாடு இப்படி: கட்டுப்பாட்டு அறையில் பணியில் இருக்கும் ஒரே ஒரு இன்ஸ்பெக்டர், 'ஃபோர்ஸ் டியூட்டி ஆபீசர்'. தாக்குதல் தொடங்கினால் ஆயுதப் போலீஸை அனுப்புவது, எது ஆபத்தான பகுதி என்று முடிவு செய்வது, தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் தகவல் சொல்வது, எல்லாம் முதலில் அவர் தலையில். எல்லோரும் அவருக்கே போன் செய்வார்கள். ஒரே ஆள் இத்தனையையும் தாங்க மாட்டார், மற்ற சேவைகள் அவரைப் பிடிக்க முடியாமல் திணறும் என்பது 'வின்செஸ்டர் அக்கார்டு' என்று பெயரிட்ட அந்த ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் நாடே பேசிக்கொண்டிருந்தது அந்த முழக்கத்தைப் பற்றி. மன்னிப்பு சரியா தவறா என்று இரு தரப்பும் மல்லுக்கட்டின.

ஒரு வருடமும் 12 நாளும் கழித்து, 2017 மே 22 இரவு 10.31க்கு மான்செஸ்டர் அரீனா என்ற இசை அரங்கில் நிஜமாகவே தற்கொலைக் குண்டு வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். டியூட்டி ஆபீசரை மற்ற சேவைகளால் பிடிக்க முடியவில்லை. தீயணைப்பு வண்டிகள் மூன்று மைல் தள்ளி ஒரு நிலையத்தில் கூடிக் காத்திருந்தன. அவை அரீனாவுக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. குண்டு வெடித்த அறைக்குள் முதல் 40 நிமிடத்தில் நுழைந்த பாராமெடிக் (ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்) ஒருவர்தான். சர் ஜான் சாண்டர்ஸ் தலைமையிலான விசாரணை 2022 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை, டியூட்டி ஆபீசர் மீது விழும் அதிகச் சுமை ஒத்திகைகளிலேயே வெளிப்பட்டும் சரிசெய்யப்படவில்லை என்பதைப் பதிவு செய்திருக்கிறது.

முழக்கத்தில் காட்டிய தத்ரூபத்தைப் போனில் காட்டியிருக்கலாம். ஒத்திகையில் அந்த எண்ணுக்கு நாற்பது பேரை ஒரே நேரத்தில் அழைக்கச் சொல்வது. வேலை செய்யாத ஒயர்லெஸ் ஒன்றைக் கொடுத்து அனுப்புவது. அதிகாரி "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வராவிட்டால் தீயணைப்புக்காரர் என்ன செய்வார் என்று பார்ப்பது. இதெல்லாம் வீடியோவில் நன்றாக வராது. ஒப்பனை வேண்டாம், பட்டாசும் வேண்டாம்.

ஒத்திகை முடிந்ததும் நடக்கும் கூட்டத்தில் பெரும்பாலும் கைகுலுக்கலும் குழுப் படமும்தான். தன்னார்வலர்கள் வீடு போவதற்குள், எந்த அழைப்பு எத்தனை மணிக்குப் போனது, யார் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்று நிமிட வாரியாக எழுதி, பக்கத்தில் சரிசெய்ய வேண்டியவரின் பெயரையும், அதே எண்ணுக்கு மறுபடி அழைத்துப் பார்க்கும் தேதியையும் போட வேண்டும். தேதி மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. அதைத் தாண்டினால் அதிகாரிக்கு மாற்றல் வந்துவிடும்.