இரண்டு அத்தியாயம், ஒரே தாள்

பதினொன்றாம் வகுப்பு அமெரிக்க வரலாற்றுத் தேர்வுக்கு மூன்று நாள் படித்தும், பனிப்போரும் கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டமும் மண்டையில் ஒட்டவே இல்லை. மாதிரித் தேர்வில் எந்தச் சம்பவம் முந்தியது என்று கேட்டாலே தப்பு. ஆண்டு அட்டைகள் எழுதினேன், வண்ணம் தீட்டினேன், வீண்.

அப்புறம்தான் கவனித்தேன்: பாடநூல் இரண்டையும் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்திருக்கிறது. ஒரு தாளில் அதிபர்வாரியாக உள்நாடு, வெளிநாடு என்று இரு பத்தி போட்டேன். ஐசனோவர் வரிசையில், 1957 செப்டம்பர் 24 அன்று கறுப்பின மாணவர்களைப் பாதுகாக்க லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குப் படை அனுப்ப உத்தரவு. பத்தே நாளில், அக்டோபர் 4, சோவியத்தின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக்! ஜான்சனுக்கு 1964 ஜூலையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டம், ஆகஸ்டில் வியட்நாம் போருக்கு வழிவிட்ட டோங்கின் தீர்மானம். அடுத்த மாதிரித் தேர்வில் வரிசைக் கேள்வி ஒன்றுகூடத் தப்பாகவில்லை. அப்பாடா!